மருமகனே, மண்ணைக் கிண்டுறதுக்கு முந்தி

வா மருமகனே, இப்பிடித் திண்ணையில உக்காரு. அந்த மெஷினைச் சுவத்துல சாய்ச்சு வை. கட்டார்ல இருந்து உங்க அண்ணன் அனுப்பினதாமே? அவன் அங்க வெயில்ல காயுறான், நீ இங்க அவன் காசை மண்ணுல போட்டுட்டு மண்ணுலயே காசு தேடுறே. குடும்பம்னா இப்பிடித்தான் ஒத்துமையா இருக்கணும்.

காலையில இருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன். காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு, வட்டத் தட்டை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டிக்கிட்டு, குனிஞ்ச தலை நிமிராம நடந்தே. பொண்ணு பாக்கப் போன வீட்டுலகூட நீ அவ்வளவு அடக்கமா இருக்கலன்னு உங்கம்மா சொல்லுச்சு. மெஷின் 'கீக்'னு கத்தினதும் மம்பட்டிய ஓங்கினே பாரு, அங்கதான் மாமனுக்குப் பகீர்னு ஆயிருச்சு.

அப்பிடி என்னதான் கெடைச்சுச்சு? சோடா மூடி, சார்டின் தகரம், குடைக் கம்பி, புடி இல்லாத கவ்வாத்துக் கத்தி. மிச்சமெல்லாம் ஆணி. லயத்துக் கூரைத் தகரத்தை எங்க தாத்தா காலத்துல இருந்து கழட்டிக் கழட்டி அடிச்ச எடம்யா இது. காத்துல பறந்த தகரத்தோட எண்ணிக்கையே தெரியாது, அதோட போன ஆணிய யார் கணக்கு வச்சா? நீ இன்னும் ஒரு வாரம் தோண்டினா புது லயம் ஒண்ணு கட்டுற அளவுக்கு ஆணி சேந்துரும். கவர்மெண்டு வீட்டுத் திட்டத்தைவிட அது வெரசா முடியும்.

மெஷினைக் குத்தம் சொல்லல. தட்டுக்குள்ள கம்பிச் சுருள், அதுல கரண்டு ஓடுறப்ப காந்தம் கெளம்புது. மண்ணுக்குள்ள உலோகம் இருந்தா அதுல சின்னதா ஒரு மின்சாரச் சுழல் உண்டாகுது. அது திருப்பி அனுப்புறதைத்தான் நீ 'கீக்'னு கேக்குறே. காசு அளவுச் சாமான்னா ஒரு சாண் ஆழம், ரொம்பப் போனா ஒரு அடி. அதுக்கு மேல அது செவிடு. நம்ம ஊரோ சரிவு. மேட்டு மலையில இருந்து ஒவ்வொரு மழையும் அள்ளிக்கிட்டு வந்து கொட்டின மண்ணு இது. செம்மண்ணு வேற, இரும்பு ஊறிக் கெடக்கிறதால மண்ணைத் தவிர ஒண்ணுமே இல்லாத எடத்துலயும் மெஷின் பேசும். மண்ணுக்குத் தக்கன அதைத் திருகிச் சரிக்கட்டணும்னு கூட வந்த புத்தகத்துல போட்டிருக்கும். நீ படம் மட்டும் பாத்திருப்பே.

எனக்கு எப்பிடித் தெரியும்னு முழிக்காத. எங்க சித்தப்பா குடும்பம் கலவரத்துக்குப் பயந்து கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறினது உனக்குத் தெரியும்தானே? அந்த வீட்டுப் பேத்தி முகமாலையில கண்ணிவெடி எடுக்கிற வேலை பாத்தா. இதே மாதிரி மெஷின்தான். முட்டி போட்டு, அங்குலம் அங்குலமா. மெஷின் கத்தினா அவ செய்ற மொத வேலை கைய அப்பிடியே நிறுத்துறது. நீ மம்பட்டி ஓங்கினதை அவ பாத்திருந்தா உன்னை அறைஞ்சிட்டுத்தான் மறுவேலை பாத்திருப்பா.

'ராசா காலத்துக் காசு தேடுறேன் மாமா'ன்னு சொன்னே. நல்ல ஆசைதான். ஆனா 1940ஆம் வருஷத்து 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. பழம்பொருள் தேடி லைசன்ஸ் இல்லாம எவனும் மண்ணைத் தோண்டப்புடாது. லைசன்ஸ் குடுக்க வேண்டியது தொல்பொருள் திணைக்களம். 'என் சொந்தக் காணிதானே ஐயா'ன்னு அழுதாலும் ஆவாது; சொந்தக் காணியா இருந்தாலும் அதே சட்டம்தான்னு வெள்ளைக்காரன் முன்கூட்டியே எழுதி வச்சிட்டான். தற்செயலா மம்பட்டியில தட்டுப்பட்டாலும் பொலிசுலயோ கச்சேரியிலயோ போய்ச் சொல்லணும். அதோட, உனக்கு ஏது சொந்தக் காணி? நீ கிண்டினது கம்பனி மண்ணு. மேல நம்ம பாட்டன் நட்ட தேயிலையே நமக்கு இல்லேங்கிறான், கீழ ராசா போட்டுட்டுப் போன காசை மட்டும் உன் மடியில கட்டி விடுவானா?

பேப்பர் பாப்பியா? 'புதையல் தோண்டியவர்கள் கைது'ன்னு அடிக்கடி வரும். போட்டோவும் ஒரே அச்சுல வாத்த மாதிரி இருக்கும்: ஸ்கேனர் மெஷின், மம்பட்டி, கடப்பாறை, தேசிக்காய், வெத்தலை, கழுத்து அறுபடாம தப்பிச்ச ஒரு சேவல், பக்கத்துல ஒரு பூசாரி. புடிக்க வேண்டிய யூனிபோர்ம்காரங்களே உள்ள மாட்டின கதையும் உண்டு. அந்தக் கூட்டத்துல பொழைச்சது சேவல் மட்டும்தான். 'நான் பொழுதுபோக்குக்குத்தான் சார் பண்ணேன்'னு நீ சொல்லலாம். பொலிஸ் ஐயாவும் பொழுதுபோக்குக்கு உன்னை ராத்திரி பூரா உக்கார வச்சுக் கேள்வி கேப்பாரு. போறதா இருந்தா நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டுப் போ, பேப்பர்ல வர்ற படம்.

கனவுல ராசா வந்து எடம் காட்டுவாருன்னு மட்டும் இருந்துறாத. இந்தியாவுல உத்தரப் பிரதேசத்துல தௌண்டியா கேரான்னு ஒரு ஊரு. 2013 அக்டோபர்ல ஒரு சாமியாரு, கோட்டைக்கு அடியில ஆயிரம் டன் தங்கம் இருக்குன்னு கனா கண்டேன்னாரு. சாதாரண ஆளுக இல்ல மருமகனே, இந்தியத் தொல்லியல் துறையே வந்து தோண்டுச்சு. டீவிக்காரன் எல்லாம் கூடாரம் அடிச்சுட்டான். கடைசியில கெடைச்சது பானை ஓடும் அந்த மாதிரிச் சில்லறைச் சாமானும்தான். டீக்கடை போட்டவனுக்குத்தான் வரும்படி. நீ தோண்டுறதா இருந்தா சொல்லு, நான் பக்கத்துல வடைச் சட்டி வைக்கிறேன்.

இன்னொண்ணு கேளு. கண்டியில பெரிய புதையல் இருந்துச்சு, இல்லேங்கல. அதை வெள்ளைக்காரன் மெஷின் இல்லாமலே எடுத்துட்டுப் போயிட்டான். 1815 பெப்ரவரி 18ஆந் தேதி மெதமகாநுவரைப் பக்கம் ராசா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைப் புடிச்சாங்க. பொறவு முடி போச்சு, ஒல்லாந்தக்காரன் குடுத்த தங்கத்தகடு போத்தின சிம்மாசனம் போச்சு, கப்பல்ல ஏறிச் சீமைக்குப் போச்சு. சிம்மாசனம் வின்ட்சர் கோட்டையில இருந்துட்டு 1934லதான் திரும்பி வந்துச்சு; இப்ப கொழும்பு மியூசியத்துல கண்ணாடிக்குப் பின்னால இருக்கு. ராசாவை வேலூர்க் கோட்டைக்குக் கொண்டு போனாங்க, அவரு திரும்பி வரல. இவ்வளவையும் வழிச்சு எடுத்துட்டுப் போனவன், உனக்காக ஒரு முடிச்சை லயத்துப் பீலிக்கரையில போட்டுட்டுப் போயிருப்பான்னு நீ நம்புறே பாரு, அந்த மனசு யாருக்கு வரும்!

அதைவிட ஒரு கூத்து: கண்டி ராச்சியத்துல சனங்க கையில காசு புழங்கினதே கொஞ்சம். எல்லாம் ராஜகாரியம். ராசா காணி குடுப்பாரு, நீ அதுக்குப் பதிலா ஊழியம் செய்யணும். வரியும் நெல்லா, பாக்கா, தேனா, தந்தமாப் போகும். கண்டி டவுன்ல கோயில் முன்னால கெடக்கே குளம், 1812ஓட முடிஞ்ச வேலை, அதை வெட்டினதும் ஊழியக்காரங்கதான். கூலின்னு ஒரு செம்புக்காசு கண்ணுல பாத்திருப்பாங்களா? குளத்தங்கரையில மெஷினைப் புடிச்சா உனக்குக் கெடைக்கப் போறது நம்ம காலத்துக் காதல் சோடிங்க தவறவிட்ட சாவிதான். ராஜகாரியத்தை 1832ல எடுத்தாங்க. வேலூர்ல ராசா செத்ததும் அதே வருஷம்தான்.

காசே இல்லேன்னு சொல்லல. ரொபர்ட் நொக்ஸ்னு ஒரு கப்பல்காரன், 1660ல மூதூர்ப் பக்கம் புடிபட்டு இந்த மலைக்குள்ள கைதியா வந்தவன். பத்தொம்பது வருஷம் இருந்தான். தொப்பி பின்னி வித்தான், நெல்லை வட்டிக்கு விட்டான். உடுநுவரையில எலதெத்தன்னு ஊரு, பேராதெனிய தாண்டிப் போகணும், அங்க வீடு கட்டித் தோட்டம் போட்டான். 1679ல தப்பிச்சு ஓடி, 1681ல புத்தகம் போட்டுட்டான். அதுல நம்ம காசைப் பத்தி எழுதியிருக்கான். ஒரு வகை, வெள்ளிக் கம்பிய மடிச்சுத் தூண்டில் முள்ளாட்டம் வளைச்சது. அதை யாரு வேணும்னாலும் அடிச்சுக்கலாமாம், ராசாவோட உத்தரவு! முத்திரையும் அவனவன் இஷ்டம். அப்ப கள்ளக்காசு வராதான்னு கேப்பே. சந்தேகம் வந்தா நெருப்புல போட்டுச் சிவக்கக் காய்ச்சித் தண்ணியில முக்குவாங்க. வெள்ளை வெளேர்னு வந்தாத்தான் காசு, இல்லேன்னா எடுத்துக்கிட்டு நடையக் கட்டு. இப்ப உள்ள சில நோட்டை அப்பிடிச் சோதிக்க முடியாது, அதான் கவலை.

இன்னொரு வகை ராசாவோட சொந்தக் காசு, பணம். அதை வேற எவனாவது அடிச்சா உசிரு போகும். அவ்வளவு காவல் காத்த காசு எவ்வளவு பெருசுன்னு நெனைக்கிறே? ஒரு ஸ்பானியா வெள்ளிக்கு எழுபத்தஞ்சு பணம். பொம்பளைங்க சட்டையில தைக்கிற ஜிகினாப் பொட்டு அளவு. உன் மெஷின் அதுக்கு மேலால நூறு தடவை போனாலும் வாயத் தொறக்காது. சோடா மூடிக்குத்தான் அது ஊரைக் கூட்டும்.

அதுக்கு முந்தின பொலநறுவைக் காலத்துச் செம்புக் காசும் நாட்டுல நெறைய உண்டு. ஒரு பக்கம் ராசா நிப்பாரு, மறுபக்கம் குந்தியிருப்பாரு. சோழன் ராசராசன் அடிச்ச காசைப் பாத்து அடிச்சது. பொறவு ஒல்லாந்தக் கம்பனியோட செம்புத் துட்டு, பின்னிக் கிடக்கிற மூணு எழுத்து முத்திரையோட. இதைத்தான் வெள்ளைக்காரன் உல்லாசமாத் திரியிற எடத்துல எல்லாம் சில ஆளுங்க பையிலயிருந்து எடுத்துக் காட்டுவாங்க. 'எங்க தோட்டத்துல கெடைச்சது சார்'ம்பாங்க. போன மாசம் வார்த்த காசை அடுத்த மாசமே முந்நூறு வருஷத்துக் கெழவனாக்கிற வித்தை தெரிஞ்ச ஆளுங்க. நீ வேணும்னா அவங்ககிட்ட தொழில் பழகு, உன்னை மாதிரி வெயில்ல நடக்கிறதில்ல அவங்க. அப்பறம் இங்கிலீசுக்காரனோட ஆனைக் காசு. கண்டி விழுந்த அதே 1815ல அடிச்ச செம்பு ஸ்டைவர்ல ஒரு பக்கம் மூணாம் ஜோர்ஜ் ராசா, மறுபக்கம் ஆனை. புடிச்ச ஊரோட ஆனைய முதுகுல குத்திக்கிட்டான்.

இரு, உள்ள போயி ஒண்ணு எடுத்துட்டு வாரேன்.

இதைக் கையில புடி. கனமா இருக்கா? 1870ஆம் வருஷத்து அஞ்சு சதம், செம்பு. எங்கம்மா வெத்தலைப் பெட்டியில கெடந்தது, தோண்டினதில்ல, பொலிசுக்குச் சொல்லிறாத. இந்தா, நடுவுல ஒரு பனை மரம், அதுக்கு அந்தப் பக்கம் சிங்களம், இந்தப் பக்கம் தமிழ் எழுத்து தெரியுதா? சாய்ச்சுப் பாரு. நம்ம பேரை வாக்காளர் இடாப்புல எழுத யோசிச்ச நாட்டுல, நம்ம எழுத்தைக் காசுல அடிச்சிருக்கான். திருப்பு. விக்டோரியா ராணி. மூக்கு எங்கன்னு கேக்குறியா? அதை உங்க அத்தைகிட்ட கேளு. தைப்பூசத்துக்கு விளக்குத் தேய்க்கிறப்ப இதையும் சேத்துப் புளி போட்டு, சாம்பல் போட்டு, ராணி பளபளன்னு இருக்கணும்னு தேய்ச்சுட்டா. நூத்தம்பது வருஷம் தாங்கின மூக்கு ஒரு வெள்ளிக்கிழமையில போயிருச்சு. பழைய காசுல படிஞ்சிருக்கிற அந்தக் கருப்பும் பச்சையும்தான் அதுக்குத் தோலு. காசு சேக்கிறவன் அதைத்தான் பாப்பான். தேய்ச்ச காசைப் பழைய செம்பு வெலைக்கு நிறுத்துத்தான் குடுக்கணும். உனக்கு எது கெடைச்சாலும் அத்தை கண்ணுல காட்டாத.

இப்ப நான் கேக்குறேன், நீ சொல்லு. அந்த ஆணியெல்லாம் கெடைச்ச பொறவு மெஷின்ல என்னமோ திருகி வச்சிருக்கியே, இரும்பு, தகரம் எதுக்கும் கத்தக்கூடாதுன்னு? சாமர்த்தியம்தான். ஆனா நம்ம ஆளுங்க இந்த மண்ணுல போட்டது எல்லாம் அந்தச் சாதிதானே.

மன்னார்ல எறங்கிக் காட்டு வழியா நடந்து மாத்தளைக்கு வந்தாங்க. வழியில விழுந்தவங்க கணக்கு எந்தத் தொரையோட புத்தகத்துலயும் முழுசா இல்ல. அவங்க மடியில ராசாக் காசா இருந்துச்சு? காப்பிக் காலத்துல கொழும்பு மில்லுக்காரன் செம்புல வில்லை அடிச்சான், கொட்டை பொறுக்கின கூலிக்கு. ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனியோட வேகந்த மில் வில்லையில 1843ன்னு இருக்கும். மத்தக் கம்பனி வில்லையில நாலரைப் பென்ஸுன்னு இருக்கும், பின்னால ரூபா கணக்கு வந்த பொறவு 19 சதம்னு.  1869ல இலையில துரு நோய் விழுந்து காப்பி போச்சு. அதுக்கு ரெண்டு வருஷத்துக்கு முந்தியே இந்தா, நம்ம மலைக்கு அந்தப் பக்கம் லூல்கந்துரவுல டெய்லர் தொரை பத்தொம்பது ஏக்கர் தேயிலை போட்டிருந்தான். மலைக்கு மலை தேயிலை ஏறிச்சு, அதுக்கும் ஆள் வேணும்னு இன்னும் கூட்டியாந்தாங்க.

1900 தொடங்கின கொஞ்ச வருஷத்துல இன்னொண்ணு வந்துச்சு. இந்தியாவுல இருந்து ஆள் ஏத்துறப்ப கழுத்துல ஒரு தகர டிக்கெட்டைக் கட்டி விட்டாங்க. அதுல தோட்டத்துக்கான எழுத்தும் நம்பரும் அடிச்சிருக்கும். பேரு கெடையாது. எங்க பாட்டனுக்கு அந்த நம்பர்தான் பேரு, கப்பல்லயும் கேம்ப்லயும் ரயில்லயும். கடன் எழுதின துண்டுக் கடதாசி வேற. அதை 1921ல சட்டம் போட்டு ஒழிச்சாங்க, கடதாசியும் மக்கிப் போச்சு. தகரம் எங்கயாவது ஒண்ணு ரெண்டு மண்ணுக்குள்ள கெடக்கும். துருப்புடிச்சு, ஓட்டை மட்டும் மிஞ்சி. நீ அப்பிடித் திருகின பொறவு உன் மெஷின் அதுல ஒண்ணைத் தாண்டிப் போயிருந்தாலும் உன் காதுல ஒண்ணும் விழுந்திருக்காது. நீதான் சொல்லி வச்சிருக்கியே.

மூஞ்சியத் தொங்கப் போடாத. மாமன் சும்மா வாய் பேசுறவன் இல்ல, பொழைக்கிற வழியும் சொல்லுவேன். இங்கிலாந்துல ஹொக்ஸ்ன்னு ஒரு கிராமம். 1992 நவம்பர்ல ஒரு விவசாயி வயல்ல சுத்தியலைத் தொலைச்சுட்டான். சிநேகிதன்கிட்ட மெஷின் இருந்துச்சு, வந்து தேடிக் குடுப்பான்னு கூப்பிட்டான். மெஷின் கத்துச்சு, தோண்டினா ரோமாபுரிக் காசு. பொன்னும் வெள்ளியுமா ஏறக்குறைய 15,000. அந்த மனுசன் என்ன செஞ்சான் தெரியுமா? கொஞ்சத்தோட நிறுத்திட்டு ஆளுங்களுக்குச் சொல்லி அனுப்பினான். மறுநாள் தொல்லியல்காரங்க வந்து பெட்டி இருந்த அடையாளம்கூடக் கலையாம எடுத்தாங்க. பதினேழரை லட்சம் பவுண் பரிசு, அதுலயும் வயல்காரனுக்குப் பங்கு குடுத்தான். அங்க சட்டம் வேற, எடுத்தவனுக்கு ஏதாவது குடுக்கும். கடைசியில சுத்தியலும் கெடைச்சுச்சு. அதையும் லண்டன்ல பெரிய மியூசியத்துல வச்சிருக்கான். தங்கத்தைத் தேடிப் போனவனுக்குக் கெடைக்காதது, சுத்தியலைத் தேடிப் போனவனுக்குக் கெடைச்சிருக்கு பாத்தியா?

நம்ம தோட்டத்துலயும் சுத்தியலுக்குப் பஞ்சமா? கொழுந்து பறிக்கிறப்ப தோடு விழும், மூக்குத்தி விழும், தேயிலைத் தூருக்குள்ள போயிரும். போன வருஷம் ஒருத்தியோட தாலிக்குண்டு விழுந்து மலையே அழுதுச்சு. தண்ணிக் குழாய் எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரியாம ஒவ்வொரு தடவையும் பாதி மலையக் கொத்துறாங்க. 'தொலைஞ்சது தேடித் தரப்படும்'னு லயத்துச் சுவத்துல ஒரு பலகை மாட்டு. மண்ணுக்கு மேலால, இலைச் சருகுக்குள்ள விழுந்த சாமானை எடுத்துக் குடுக்கத் தொல்பொருள் லைசன்ஸ் வேணாம். தோடு கெடைச்சா ஐநூறு ரூவா, தாலிக்குண்டு கெடைச்சா ஒரு கோழியும் சேத்து வாங்கு. ராசாவோட காசுக்குப் பொலிஸ் வரும், இதுக்குப் பொண்ணு குடுக்க ஆள் வரும்.

மொத வேலை மாமனுக்குச் செஞ்சு குடு, கூலி பேசாத. கொஞ்சம் கிட்ட வா, உங்க அத்தை அடுப்படியில இருக்கா. நாளைக்குப் போயா, கண்டியில ஒரு சாராயக் கடையும் தொறக்காது. அது தெரிஞ்சு போன வாரமே ஒரு முழுப் போத்தல் வாங்கி வச்சேன். அவ எடுத்துட்டா. கேட்டா மண்ணுக்குள்ள போட்டுட்டேன்கிறா. கருவேப்பிலை மரத்துக்கும் கோழிக் கூட்டுக்கும் நடுவுல எங்கயோ, ஒரு சாணுக்கு மேல தோண்டியிருக்க மாட்டா, அவ இடுப்பு அப்பிடி. போத்தல் கண்ணாடிதான், ஆனா மூடி அலுமினியம். மெஷின்ல சோடா மூடிக்குக் கத்தாதேன்னு ஏதாவது திருகி வச்சிருந்தா, மருமகனே, அதை மொதல்ல கழட்டு.